மூன்று சதவீதத்தில் கும்மிடிப்பூண்டி

காலை பத்தரை மணிக்குத் திருவள்ளூர் மருத்துவமனை வாசலில் காரில் ஏறினோம், நானும் என் கணவர் சாமுவேலும். உருக்காலையில் இருபது வருடம் தூசி தின்ற நுரையீரல் அவருடையது. மூக்கில் குழாய், மடியில் வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் இயந்திரம். அதன் பேட்டரி பழசு, அரை மணி தாங்கினால் அதிகம். காரின் சாக்கெட்டில் செருகிக்கொண்டே போகலாம் என்றுதான் கார் பிடித்தோம். சுவரில் செருகும் வயரைத் துணிமூட்டையோடு சேர்த்துக் கட்டி, விடியற்காலையிலேயே கொழுந்தனார் பைக்கில் கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஊர் ஊராய்ப் போய்க் கட்டுரை எழுதுகிறவள் என்று பெயர்தான். கிளம்புவதென்றாலே எனக்குப் பதற்றம். பதற்றத்தில் மூட்டை கட்டினால் இப்படித்தான் ஆகும்.

கார் மின்சாரக் கார். வாடகை இரண்டாயிரத்து இருநூறு. முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டிக்குச் சாமந்தி மாலை, கதவுக்குக் கதவு சந்தனப் பொட்டு. மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் செய்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் தனசேகருக்கு முப்பது வயதிருக்கும்.

"தம்பி, சார்ஜ் இருக்கா?"

"முப்பத்தெட்டு பர்சென்ட் கீது அக்கா. அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தானே, ஜாலியா போய்க்கினே இருக்கலாம்."

"ஏன் முழுசா போடல?"

"பூஜை போட்ட வண்டிய அன்னிக்குத் தொடக் கூடாது அக்கா. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?"

பதினொன்றேகாலுக்கு, பெரியபாளையம் தாண்டும்போது மழை கொட்டியது. ஆரணி ஆற்றில் தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஓடுவதாகச் சொல்லி, போலீஸ்காரர் எங்களை ஊத்துக்கோட்டைப் பக்கம் திருப்பிவிட்டார். முப்பது கிலோமீட்டர் கூடுதல். வைப்பர், விளக்கு, ஏசி, மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு. நான் வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வழியில் ஓர் ஓட்டல் முற்றத்தில் சார்ஜர் தெரிந்தபோது கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். அங்கே இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியின் முனையைத் தனசேகர் காரில் வைத்துப் பார்த்தார். பழைய மாதிரியாம், வட்டமாக இருந்தது. எங்கள் காரின் துளை வேறு வடிவம். இரண்டாவது பெட்டியின் முனை வடிவம் சரி. ஆனால் அந்தக் கம்பெனியின் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் அது உயிர் பெறும். காசைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கேட்க ஓர் ஆள் இல்லை.

"பெட்ரோல் பங்க்ல இவன் வண்டி, அவன் வண்டின்னு பாப்பாங்களா?" என்றேன்.

"இது பேஜாரு புடிச்ச சமாச்சாரம் அக்கா. இவன் சார்ஜரு அவன் வண்டிக்கு ஆவாது, அவன் கார்டு இவனுக்கு ஆவாது."

108க்கு அழைத்தேன். சாலையில் மரம் விழுந்திருக்கிறது, வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். சாமுவேல் என் முழங்கையைத் தொட்டு, "போலாம் ஸ்டெல்லா, நான் நல்லாத்தான் கீறேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் பயம்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. திரையில் மூன்று சதவீதம். கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். விஜயதசமி விடுமுறை, சாலையில் ஒரு நாய்கூட இல்லை. வண்டி ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது.

"வண்டி படுத்தா மெஷினுக்கு கரண்ட் வருமா தம்பி?"

தனசேகர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நேரம் வரும் அக்கா."

அப்போதுதான் ஒரு தொழிற்சாலை கேட்டுக்குள் வாழைக்கன்று கட்டிய மின்சார பஸ்கள் தெரிந்தன. பக்கத்தில் சார்ஜர். நான் மழையில் இறங்கி ஓடி கம்பியைப் பிடித்து உலுக்கினேன். செக்யூரிட்டி குடையோடு வந்தார். சார்ஜ் போட வேண்டும் என்றதும் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார். சட்டையில் ஏழுமலை என்று இருந்தது.

"வெளி வண்டி உள்ள வரக் கூடாதும்மா. நைட் ஷிஃப்ட்டுக்கு எங்க பஸ்ஸு சார்ஜ் ஏறணும். மேனேஜர் போன எடுக்க மாட்டேன்றாரு. கேமரா வேற கீது. என் வேலை பூடும்."

"ஐயா, உள்ள இருக்கிறவரு மூச்சே அந்த வண்டியிலதான் ஓடுது."

அவர் குடையைச் சாய்த்து காருக்குள் குனிந்து பார்த்தார். "என் ரூம்ல பிளக் கீதே, மெஷின அங்க மாட்டிக்கோங்களேன்" என்றார். நல்ல மனுஷன், வழியும் சொன்னார். சுவர் வயர் வீட்டில் இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேமராவை ஒரு தரம் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார்.

முனை பொருந்தியது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்து மறுபடி மாட்டினார்கள். அதே சிவப்பு. இந்தச் சார்ஜரும் எங்களை ஏற்கவில்லை என்று நினைத்தேன். என்னதான் இருக்கிறது என்று காரின் துளையில் போன் வெளிச்சம் அடித்தேன். மேலே உள்ள சின்னத் துளைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

"தம்பி, இது என்ன?"

தனசேகரின் முகம் வெளுத்தது. "சந்தனம் அக்கா. வண்டிக்கு அதான் வாயி, மொதப் பொட்டு அதுக்குத்தான்னு அப்பினேன். அந்த ஓட்ட வழியாதான் வண்டியும் சார்ஜரும் பேசிக்கும்."

"வாயை அடைச்சிட்டு சாப்பிடச் சொன்னா அது எப்படிச் சாப்பிடும்?" என்று கத்தினேன்.

"நாங்கல்லாம் கண்ணாடிலதான்பா வெச்சோம்," என்றார் ஏழுமலை.

சுத்தம் செய்ய வண்டியை முழுதாக அணைக்க வேண்டும். அணைத்ததும் இயந்திரம் சொந்த பேட்டரிக்குத் தாவி, பீப் என்று கூவ ஆரம்பித்தது. சாமுவேலின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் கையைப் பிடித்திருந்தேன். மருந்துப் பையிலிருந்த பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொடுத்தேன். குடை பிடித்தார் ஏழுமலை, துளை துளையாகச் சுரண்டினார் தனசேகர். அவர் வாய் முருகா முருகா என்றது. என் வாய் இயேசுவே என்றது. பீப் சத்தம் வேகமானது. ஒரு குச்சி உடைந்தது. இன்னொன்று கொடுத்தேன். போதும் என்று சொல்லி, வண்டியைப் போட்டு, முனையைச் செருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது. பீப் நின்றது. சாமுவேல் கண்ணைத் திறந்து, "இன்னா, ஊடு வந்துச்சா?" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம். கொடுத்த காசை ஏழுமலை வாங்கவில்லை. "வாங்கினாத்தான் தப்பாப்பூடும்" என்றார். யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லி என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டை மூடும்போதும் அவர் கண் கேமராவின் மேல்தான் இருந்தது.

மூன்றரைக்கு வீடு. கூடத்தில் மூட்டை இருந்தது. வயரை எடுத்துச் சுவரில் செருகினேன். பொருந்தியது. வாடகைக் கடை வயர், எங்கோ செய்த மெஷின், எங்கள் வீட்டுச் சுவர். சுவர் யாரென்று கேட்கவில்லை. இத்தனை வருடம் விளக்கும் மிக்ஸியும் செருகிய எனக்கு இது ஒரு வசதியாகவே தோன்றியதில்லை.

இதை எழுதும்போது சாமுவேல் பக்கத்தில் தூங்குகிறார். போன் என் மடியில் இருக்கிறது. அது அடித்தால் அந்த மேனேஜராக இருக்குமோ என்று ஒவ்வொரு தரமும் திடுக்கிடுகிறேன். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருக்கிறேன். ஐயா, அந்தக் கேட்டைத் திறந்ததற்கு ஏழுமலையைத் தண்டிப்பதாக இருந்தால், முதலில் இங்கே வந்து, இவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.