ஹால்ஸ்டெட் தெரு, கடைசி நிறுத்தம் வரை

வெர்டெல் ஹேட்சரும் மகள் கார்லிஸும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, வீட்டு வாசலில் நின்ற வேனைச் சுற்றிப் பனி அள்ளியது. ராத்திரி முழுக்கக் கொட்டியிருந்தது. போதாதென்று மாநகராட்சி வண்டி தெருவை வழித்துவிட்டு, வழித்ததையெல்லாம் வேனின் விலாவில் அப்பிவிட்டுப் போயிருந்தது. அம்மா முன்பக்கம், மகள் பின்பக்கம். அள்ள அள்ள அடியில் பாளம் பாளமாக ஐஸ் வந்தது.

வேனை வெளியே எடுத்ததும் வெர்டெல் சமையலறைக்குப் போய் உறை கிழிந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, காலியான இடத்தின் நடுவில் போட்டாள். சிகாகோவில் பனி அள்ளியவருக்குத்தான் வண்டி நிறுத்தும் இடம். நாற்காலி கிடந்தால் ஊரே ஒதுங்கிப் போகும்.

தெரு யாருக்கும் சொந்தமில்லை, சட்டப்படி இது செல்லாது என்றாள் கார்லிஸ். ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வதுதான்.

"சட்டமா வந்து பனி அள்ளுச்சு?" என்றாள் வெர்டெல். "நீ அள்ளுன, நான் அள்ளுனேன். போடி, போய் காபி போடு."

அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை வெர்டெல் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அதற்குமேல் கார்லிஸ் கேட்கவில்லை. லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் தொழில். நின்றுபோனது எதுவானாலும் ஏன் நின்றது என்று குடைகிறவள், இதைக் குடையாமல் விட்டுவிட்டாள்.

வெர்டெல் எட்டாம் நம்பர் பஸ் ஓட்டியவள். ஹால்ஸ்டெட் தெருவில் வடக்கிலிருந்து தெற்குக்கு, தெற்கிலிருந்து வடக்குக்கு, முடி நரைக்கும்வரை அதே தெரு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கூட வேலை பார்த்தவர்கள் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். அவள் பழைய வேன் ஒன்றை வாங்கி, மறுபடியும் ஹால்ஸ்டெட் தெருவுக்கே வந்தாள். இந்தத் தடவை ஏறியவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள். உயரக் கட்டடத்தையும் ஏரியையும் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் தெருவைக் காட்டுகிறேன் என்பாள். அவள் வேனில் ஏறினால் இரண்டு விஷயம் கட்டாயம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மனிதர்களைப் படம் எடுக்கக் கூடாது. இறங்கிப் போய்க் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நிற்கிற இடத்திலெல்லாம் எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். பசியில்லை என்றால் அவளுக்குக் கோபம் வரும்.

நகர மையத்தில் இருந்த பெரிய ஓட்டல் ஒன்றுதான் அவளுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. போன இலையுதிர் காலத்தில் அந்த ஓட்டல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். முப்பத்தைந்தாம் தெருவோடு வேன் திரும்பிவிட வேண்டும். அதற்குத் தெற்கே, ஏழைக் கறுப்பர்கள் வாழும் எங்கிள்வுட் பக்கம், விருந்தினர்கள் வசதிக் குறைவாக உணரக்கூடும். வெர்டெல் போனில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பஸ் பாதியில திரும்பாது சார். திரும்புனா, அந்தாண்ட இருக்கறவன் எதுல ஏறுவான்?" போனை வைத்துவிட்டாள். வேன் தெற்கே போய்க்கொண்டுதான் இருந்தது, ஓட்டலும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

அடக்கம் முடிந்து சில நாளில் அதே ஓட்டலிலிருந்து கார்லிஸுக்குப் போன் வந்தது. முதலில் அனுதாபம். அடுத்த மூச்சில் விஷயம். சனிக்கிழமைக்கு ஏற்கெனவே ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கார்லிஸ் ஓட்டினால் நல்லது. முப்பத்தைந்தாம் தெருவில் திரும்பிவிட்டால் இந்த ஏற்பாடு எப்போதும்போல் தொடரும். எங்கள் ஆள் ஒருவர் கூட வருவார். இல்லையென்றால் இதுவே கடைசி.

கார்லிஸ் சரி என்றாள். ஓட்டல் ஆள் அனுப்பாவிட்டால் வேன் நின்றுவிடும். வேன் நின்றால் அம்மா தெருவில் விட்டுப்போனது அத்தனையும் நின்றுவிடும். கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஓட்டல் வாசலில் ஏழு பேர் ஏறினார்கள். அயோவாவிலிருந்து பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர், அவர் மனைவி, மின்னசோட்டாவின் நர்ஸுகள் நாலு பேர், கடைசியாக ஓட்டலின் ஆள் டெவ்லின். டெவ்லின் சின்ன வயசுக்காரன், அரிசோனாவிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெல்லிய தோல் ஷூ. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் அம்மாவைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றான். கார்லிஸ் பெல்ட் போடச் சொன்னாள்.

அம்மாவின் வாய் மகளுக்கு இல்லை. ஆற்றுப் பாலம் வந்ததும் வெர்டெலாக இருந்தால் கப்பல் கதை, காதல் கதை, பாலம் தூக்கிக்கொண்டதில் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போன மாப்பிள்ளை கதை எல்லாம் வந்திருக்கும். கார்லிஸ் மைக்கை எடுத்து, "இது திறக்கற பாலம். எதிர் எடை அடியில இருக்கு, வெளிய தெரியாது" என்றாள். பிறகு யோசித்து, "நல்லா வேலை செய்யுது" என்று சேர்த்தாள். பண்ணைக்காரர் கைதட்டினார்.

பாலத்துக்கு முன்பே மேக்ஸ்வெல் தெருவில் சாஸேஜ் சாப்பிட்டாகியிருந்தது. பில்சன் பகுதியில் மெக்சிகோக்காரர் பேக்கரியில் ஆளுக்கொரு தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு இனிப்பு ரொட்டி பொறுக்கினார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் வேனைப் பார்த்தாள், கார்லிஸைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தாள். பொட்டலம் வழியெல்லாம் கார்லிஸின் மடியிலேயே இருந்தது.

முப்பத்தைந்தாம் தெரு வந்தது. கார்லிஸ் இடதுபக்க விளக்கைப் போட்டாள். டெவ்லின் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டி, பின்னால் திரும்பி, இதோடு நம் தெற்குப் பகுதிச் சுற்றுலா நிறைவடைகிறது என்று அறிவித்தான்.

"அதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்டார் பண்ணைக்காரர்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார்," என்றான் டெவ்லின்.

கார்லிஸுக்கு வேலை நினைவு வந்தது. பத்து மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியோடு நின்றுவிடுகிற லிஃப்ட்டைக் காட்டி, மேல் மாடிகளில் பெரிய புழக்கம் இல்லை என்று ஒருவன் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சீல் வைப்பாள். சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் இடதுபக்க விளக்கை அணைத்தாள். வேன் நேராகப் போனது.

டெவ்லின் முதலில் தவறுதலாக விட்டுவிட்டாள் என்று நினைத்து, அடுத்ததில் திரும்பலாம் என்றான். அடுத்ததும் போனது. மேடம் என்றான். ஒப்பந்தம் என்றான். பழைய கால்நடைச் சந்தை வாசல் இருந்த பக்கம் போனது, ரயில் பாலத்தின் இருட்டுக்குள் வேன் நுழைந்து வெளியே வந்தது.

"நாம பேசுனது முப்பத்தஞ்சு வரைக்கும்தான்."

"நீங்க பேசுனீங்க. நான் சரின்னேன். இப்ப சரி இல்லைங்கறேன்."

பின்னால் நர்ஸுகளில் ஒருத்தி மெதுவாக விசில் அடித்தாள்.

அறுபத்து மூன்றாம் தெருவில் ஓனிட்டாவின் மீன் கடை. பக்கத்தில் லவெலின் முடிவெட்டும் கடை. தெருவோரம் முழுக்க இடுப்பளவு பனி மேடு. மீன் கடை வாசலில் மட்டும் ஒரு வேன் நீளத்துக்குத் தரை தெரியச் சுத்தமாக அள்ளியிருந்தது. நடுவில் சர்ச்சின் மடக்கு நாற்காலி. கார்லிஸ் வேனை ரோட்டிலேயே நிறுத்தி யோசித்தாள். யாருடைய இடமோ.

டெவ்லினுக்குத் திரும்பிப் போகிற அவசரம். நிறுத்தி, பார்த்து, உடனே கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டே இறங்கி நாற்காலிப் பக்கம் போனான். கார்லிஸ் வேண்டாம் என்பதற்குள் அதன் முதுகில் கை வைத்துத் தூக்கியும்விட்டான்.

முடிவெட்டும் கடைக் கதவு திறந்தது. லவெல் கையில் சீப்போடு வந்தார். பின்னால் பாதி வெட்டிய தலையோடு ஒருவர், கழுத்தில் துணி தொங்க.

"தம்பி, எடுத்த எடத்துலயே வை."

வேனை நிறுத்த வேண்டும் என்றான் டெவ்லின்.

"உங்க ஊர்ல அடுத்தவன் கட்டில்ல தூக்கம் வந்தா படுத்துக்குவீங்களா? வை."

டெவ்லின் வைத்தான். லவெல் அப்போதுதான் வேனை நிமிர்ந்து பார்த்தார். கதவில் வெர்டெல் தன் கையாலேயே எழுதிய மஞ்சள் எழுத்து. சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, நிதானமாக வந்து, நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரில் சாய்த்தார். வேனுக்குக் கைகாட்டி உள்ளே அழைத்தார்.

வேனை நிறுத்தி இறங்கியதும், யாருக்காகப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று கார்லிஸ் கேட்டாள்.

"சனிக்கிழமை இது யார் எடம்? உங்கம்மா எடம். ஒவ்வொரு வாரமும் அள்ளித்தான் வைக்கிறேன்."

"நீங்க அடக்கத்துக்கு வந்தீங்களே, மிஸ்டர் லவெல்."

"வந்தேன். வெர்டெலைத்தான் பொதைச்சோம். வேனைப் பொதைச்ச மாதிரி ஞாபகம் இல்லையே."

டெவ்லின் ஓரமாகப் போய்ப் போனில் பேசினான். திரும்பி வந்து, ஓட்டலின் ஏற்பாடு இன்றோடு முடிந்தது, வருத்தமாக இருக்கிறது என்றான். உண்மையாகவே வருத்தப்பட்ட முகம்தான். விருந்தினர்கள் விரும்பினால் தன்னோடு காரில் திரும்பலாம் என்றான். விருந்தினர்கள் அதற்குள் மீன் கடை வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் தனக்கு மட்டும் கார் கூப்பிட்டான். போனில் ஒரு கார் வருவதாகக் காட்டி மறைந்தது. இன்னொன்றும் அப்படியே. அவனுடைய ஓட்டல் மாதிரியே காருக்கும் ஒரு முப்பத்தைந்தாம் தெரு இருந்தது போலிருக்கிறது. ஷூ நனைந்து நின்றவனைப் பார்க்கக் கார்லிஸுக்கே பாவமாக இருந்தது.

"எதிர்ல ஸ்டாப் இருக்கு. எட்டாம் நம்பர்ல ஏறுங்க," என்றாள். "பாதியில திரும்பாது."

அவன் ஏறிப் போனான். கார்லிஸ் மீன் கடைக்குள் வந்து, இனி இந்தப் பக்கம் ஆள் அனுப்ப யாரும் இல்லை என்று அங்கே நின்ற லவெலிடம் சொன்னாள்.

"ஆள் இல்லன்னா காலியா ஓட்டு. பஸ்ல ஒரு ஈ காக்கா இல்லாதப்பவும் கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டுனவ உங்கம்மா. அடுத்த சனிக்கிழமையும் அள்ளி வைக்கிறேன். வந்தா வா, வராட்டி எடம் சும்மா கிடக்கட்டும்."

"வருவேன்," என்றாள் கார்லிஸ்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓனிட்டா சோளமாவில் மீனைப் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, பருத்த குரல். சர்ச்சில் முதல் வரிசைப் பாட்டுக்காரி. ஆனால் இன்றைக்கு வாயே திறக்கவில்லை. ரொட்டியும் மீனும் காரச் சாஸும் தட்டில் வைத்துத் தள்ளினாள், யாராவது பேசினால் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு தலையாட்டினாள். அடக்கத்தன்றும் அப்படித்தான் இருந்தாள். முழு நேரமும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, ஒரு வரி பாடாமல். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கார்லிஸும் அப்படித்தான் நினைத்தாள்.

"சொல்லிடு ஓனிட்டா. இல்ல நான் சொல்லவா?" என்றார் லவெல்.

"நீ வாய மூடு," என்றாள் ஓனிட்டா, கைக்குப் பின்னாலிருந்து. "நானே மூடிட்டுத்தான் இருக்கேன்." பிறகு கார்லிஸைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "கண்ணு, உங்கம்மா என் மேல்பல்லு செட்டைக் கொண்டு போயிருந்தா. கீறல் விட்டுப்போச்சு. வடக்க, கிரேக்கக்காரங்க இருக்கற தெருவுல ஒருத்தன் பல்செட் நல்லா ஒட்டுவான். வெள்ளிக்கிழமை வாங்கிட்டு சனிக்கிழமை கையில குடுக்கறேன்னா. புதன்கிழமையே போய்ச் சேந்துட்டா."

வேன் தெற்கே வருகிற ஒவ்வொரு தடவையும் இப்படி ஏதோ ஒன்று சீட்டுக்கடியில் வந்தது என்றார் லவெல். அவருடைய கத்தரிக்கோல், யாருடையதோ ரேடியோ, ஒரு தடவை உயிரோடு ஒரு முயல். அதெல்லாம் இறங்கினால்தான் அம்மா அந்த வாரத்தை ஓட்டியதாகவே நினைப்பாளாம்.

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மிஸ் ஓனிட்டா."

"எப்படி? சவப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, அம்மா போனது இருக்கட்டும், என் பல்லு எங்கன்னு கேக்கவா?"

பண்ணைக்காரருக்கு மீன் புரையேறிவிட்டது. மனைவி முதுகில் தட்டினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் ஓனிட்டா. "மூணு வாரமா மொத வரிசையில நின்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன். என் எடத்துல அந்த லுவீனியா பாடறா. நான் பேர் சொல்ல விரும்பல, ஆனா லுவீனியா."

கார்லிஸ் அந்தக் கடையின் எண்ணைக் கேட்டு வாங்கி அங்கேயே போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஓனிட்டா ஏப்ரனைக் கழற்றி கடையில் உதவிக்கு நின்ற அண்ணன் மகளிடம் எறிந்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, டெவ்லின் காலி செய்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் மீன் பொட்டலத்தோடு ஏறினார்கள். போகிற வழியில் இன்னொரு இடத்தில் நிற்கும் என்று கார்லிஸ் சொன்னதற்கு யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கார்லிஸ் மறுபடியும் போட்டபோது எதிர்முனையில் அந்தக் கிரேக்கக்காரர் போனை எடுத்தார். வெர்டெல் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் சனிக்கிழமை அரை நாள்தான். விளக்கை அணைத்தாயிற்று, கதவைப் பூட்டப் போகிறார். திங்கட்கிழமை வெர்டெலை வரச் சொல்லுங்கள் என்றார்.

"பூட்டாதீங்க," என்றாள் கார்லிஸ், சாவியைத் திருகிக்கொண்டே. "நான் வெர்டெல் பொண்ணு. வந்துட்டிருக்கேன்."