காந்தம் ஒட்டாத கதவு

வீட்டில் என்னைப் போல ஒரு மடையன் இருந்தால், வண்டி விற்கிற நாளில் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அனுப்பவில்லை. அதனால், ஒன்பது வயதில், அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பிக்கப்பை வாங்க வந்தவரிடம் அதில் எங்கெல்லாம் தகரம் இல்லை என்று சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொடுத்த பெருமை எனக்குக் கிடைத்தது. முதலில் அவர் கேட்கவேயில்லை. வித்தை காட்டுவதாக நானே முன்வந்தேன்.

வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றி வருவது அத்தாவின் பிழைப்பு. வீட்டில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசுகிறவர், ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் நூறு பேசுவார். ஆனால் அவருடைய அண்ணன், என் பெரியத்தா, தோல் மண்டி வைத்திருந்தார். மண்டிக்கு நம்பிக்கையான ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து தீர்ப்புச் சொன்னார்.

“ரோடு ரோடா சுத்துனது போதும். வண்டிய வித்துட்டு மண்டியில வந்து உக்காரு.”

“சரிண்ணே” என்றார் அத்தா.

பெரியத்தாவுக்குச் சொல்ல எங்கள் வீட்டில் இருந்த பதில் அது ஒன்றுதான். வேறு பதில் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

விற்பதற்கு முன் வண்டியை மனிதர் பார்க்கும்படி ஆக்க வேண்டியிருந்தது. நாகல் நகரில் தெரிந்தவர் பட்டறையில் ஓர் ஓரம் கேட்டு நிறுத்தினோம். டேஷ்போர்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல். அதிலிருந்த சாமான் பெட்டியின் மூடியை என் பழைய ஷூ லேஸ் கட்டி நிறுத்தியிருந்தது. கதவின் உள்பலகை மழைத்தண்ணீர் குடித்து உப்பி, கிளிப்புகள் உடைந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கைதட்டும். இடது கதவின் அடியில் துரு தின்ற ஓட்டைக்குள் என் நாலு விரலும் போகும். அதில் விரலை விட்டு மாட்டிக்கொண்டு ஒருமுறை எண்ணெய் ஊற்றி எடுத்தார்கள் என்பதால் அளவு துல்லியமாகத் தெரியும்.

உள்வேலையை அத்தா அவசரப்படாமல் செய்தார். விரிசலின் குறுக்கே மெல்லிய கம்பித் துண்டுகளைச் சூடேற்றிப் பிளாஸ்டிக்குக்குள் அமிழ்த்தினார், டாக்டர் தையல் போடுகிற மாதிரி. மேலே ஆப்பச் சோடாவைத் தூவி, ஒட்டுப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிமிடத்தில் கல்லாகிவிடும். சோடாவை அம்மாவின் அடுப்படியிலிருந்து கடத்தியது நான். அந்த வாரம் ஆப்பம் ஏன் அப்பளமாக வந்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உப்பிய பலகையையே அச்சாக வைத்துப் புதுப் பலகை அறுத்து, ரெக்சின் ஒட்டி, புதுக் கிளிப்பு போட்டு மாட்டினார். கடைசியாக டிரைவர் சீட் பக்கத்தில் தன் சாப்பாட்டுத் தூக்கு மாட்ட ஒரு கொக்கியும் அடித்தார். விற்கப்போகிற வண்டியில் அது எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வெளிவேலைதான் தகராறு. துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்றார் அத்தா. பெரியத்தா எட்டிப் பார்த்தார்.

“அம்புட்டையும் வெட்டி ஒட்டுனா பத்து நாளாகும். பட்டியப் பூசி மூடு. பெயிண்டு அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“சரிண்ணே.”

ஓட்டைகளில் பழைய கொசுவலைத் துணியைத் திணித்து, அதன்மேல் பட்டி என்கிற பூச்சுப் பசையை மாவு போலக் குழைத்து அப்பினோம். காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் பொறுப்பு எனக்கு. கதவு வழவழப்பானதோ இல்லையோ, என் விரல்நுனி வழவழப்பானது. பெயிண்ட் அடித்ததும் கதவு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது.

கதவைக் கழற்றியபோது உள்ளே செத்துப்போன ஒரு ஸ்பீக்கர் கிடைத்தது. அத்தா அதை உடைத்து, வட்டக் காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், பெரியத்தாவின் இரும்பு அலமாரி எல்லாவற்றிலும் ஒட்டியது. பெரியத்தாவில் ஒட்டவில்லை, வாங்கிய குட்டு மட்டும் மிச்சம். பிறகுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். புதுப் பெயிண்ட் அடித்த கதவின் மேல்பாதியில் ஒட்டுகிற காந்தம், கீழ்ப்பாதியில் பொத்தென்று விழுந்தது. ஓடிப்போய் அத்தாவிடம் செய்து காட்டினேன். செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ம்” என்றார்.

வாங்குகிறவர் வந்த நாள் திங்கட்கிழமை. யூனிபார்ம் போட்டு இட்லியின் முன் உட்கார்ந்திருந்தேன். அத்தா தலையைத் தூக்காமல், “வயிறு வலிக்குதுன்னியேடா?” என்றார்.

நான் சொல்லவில்லை. அத்தா வேறு யாரையோ நினைத்துக் குழப்பிக்கொண்டார் என்று எண்ணினேன். தானாக வருகிற லீவை மறுக்கும் அளவுக்கு மடையனில்லை என்பதால், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“நேத்து ஒம்போது இட்லி தின்னவனுக்கு என்ன வலி?” என்றார் அம்மா.

“கெடக்கட்டும், ஒரு நாள்தானே” என்றார் அத்தா.

வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், வெள்ளை வேட்டி, பொறுமையான மனிதர். எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டைத் தடவினார். “உள்ள நல்லாப் பண்ணியிருக்கீங்க” என்றார். பெரியத்தா உற்சாகமாகிவிட்டார். “வெளியவும் பாருங்க, கதவெல்லாம் கம்பெனித் தகரம், துரு ஒரு பொட்டு கெடையாது!” வந்தவர் அச்சாரம் கொடுக்கப் பைக்குள் கையை விட்டார். அப்போதுதான் நான் மேடையேறினேன்.

“மாமா, ஒரு வித்தை காட்டட்டா?”

கதவின் மேலே வைத்தேன், ஒட்டியது. கீழே வைத்தேன், விழுந்தது. அவர் கை பைக்குள்ளேயே நின்றது.

“இன்னும் எங்கெங்க ஒட்டாதுன்னு காட்டு கண்ணு.”

என் திறமையை மதித்துக் கேட்ட முதல் ஆள். மட்கார்டு, பின்பலகை, படிக்கட்டு என்று ஓரிடம் விடாமல் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தவர், கடைசியில் நிமிர்ந்தார்.

“ஏனுங்க, பாதி வண்டி, பாதி மாவுங்களா?”

அவர் போன பிறகு பெரியத்தா என் காதைத் திருகிய திருகலில் அது கழன்று கையோடு வந்திருக்க வேண்டும். அத்தாதான் விலக்கிவிட்டார். ஒட்டன்சத்திரம் முழுக்க விஷயம் பரவிவிடும், இனி எவனும் வாங்கமாட்டான் என்று பெரியத்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

“இந்தத் தகர டப்பாவை நீயே கட்டிக்கிட்டு அழு! மண்டிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“சரிண்ணே” என்றார் அத்தா. அதே வார்த்தைதான். ஆனால் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்புவரை ஓட்டினார். தூக்கு கொக்கியில் ஆடியது. வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். குடும்பத்துக்கே நஷ்டம் வைத்தவனுக்கு எதற்குப் பரோட்டா என்று புரியவில்லை. புரியாவிட்டாலும் நாலு தின்றேன்.

அத்தா இன்னும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார். பட்டியை உடைத்தெறிந்து நல்ல தகரம் வைத்தாயிற்று. போன மாதம் அதே கதவின் உள்பலகையை இருவரும் மாற்றிக்கொண்டிருந்தோம். எனக்குப் பழைய பெருமை பொங்கியது.

“நான் மட்டும் அன்னைக்கு வீட்டுல இல்லேன்னா, நீங்க இந்நேரம் தோலை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பீங்க அத்தா. எல்லாம் என் மூளை.”

அத்தா கிளிப்பை அழுத்தி மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏலே, அன்னைக்கு உனக்கு வயிறு வலிச்சுச்சா?”