தேவாங்கும் களாச் செடியும்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தேன். வனவிலங்குச் சட்டம் வந்த புதிது. ஒருநாள் காலை, என் மாணவி ஒருத்தியின் அப்பா, முசரவாக்கத்து விவசாயி, துண்டில் சுற்றி ஒரு தேவாங்கைக் கொண்டுவந்தார். அது ஒரு களாக் கிளையை இறுகப் பற்றியிருந்தது.

"புதரை வெட்டிக்கினு இருந்தப்ப கெடச்சுது டீச்சர். புள்ளைங்களுக்குக் காட்டுங்க."

எனக்கு ஒரே உற்சாகம். கரும்பலகையில் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினேன். தேவாங்கு குரங்குக்கு உறவான விலங்கு, அரிதாகி வருவது, பிடித்தால் தண்டனை. களா அரளிக் குடும்பம், எங்கும் கிடைப்பது, பாதுகாப்பு தேவையில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரிடம், "இதை வச்சிருக்கக் கூடாதுங்க. எடுத்த இடத்துலயே விட்டுடுங்க" என்றேன்.

அவர் விழித்தார். "அங்க எங்கம்மா வுடறது? வேர்க்கடல போடறதுக்கு எல்லாத்தையும் கொளுத்திட்டோமே."

மாலையில் அவருடன் போனேன். சாம்பல் இன்னும் சுட்டது. ஓரத்தில் ஒற்றை வேப்பமரம் நின்றது. அதில் விடுவதற்காகக் கிளையிலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். குழந்தை விரல்களைப் போல நகத்தோடு இருந்தன. பிரித்த கை சட்டென்று என் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது. அந்தப் பெரிய கண்கள் என்னையே பார்த்தன. வெகுநேரம் கழித்துத்தான் மரத்தில் ஏறியது.

மறுநாள் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. சுற்றிலும் வெட்டவெளி.

என் விரலை அது அன்பால் பிடித்தது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பிடித்துக்கொள்ள அதற்கு வேறெதுவும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.