கடலுக்குக் கொண்டுபோன நிழல்

எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குத் தூக்கிப் போவார்கள். ஆண்கள் முறை போட்டுத் தோளில் சுமந்து நடப்பார்கள். பின்னால் பெண்களும் பிள்ளைகளும் மாட்டு வண்டிகளில் போவார்கள். திருவொற்றியூர்க் கடற்கரையில் சாமிக்குத் தீர்த்தவாரி ஆனதும் எல்லாரும் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புவோம். சண்டைக்காக ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கியதற்கு முந்தின வருஷம் அது. எனக்கு மூத்த பெண் பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் நான் கடலுக்குப் போயே ஆகவேண்டும் என்று நினைத்தேன். சாமிக்காக என்று சொன்னால் பொய். என் அம்மாவின் ஊர் திருநின்றவூர். அந்த ஊர்ச் சாமியும் அதே கடற்கரைக்கு வரும். தொட்டில் போட்ட அன்று என் புகுந்த வீட்டில் எங்கள் பெரியப்பாவுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை. அதில் பேச்சு வளர்ந்து, எங்கள் வீட்டார் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா இந்த வாசலுக்கு வரவில்லை. என்னையும் யாரும் அனுப்பவில்லை. ரயிலில் வெற்றிலை விற்க வரும் ஒரு பெண்ணிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "கடலாண்ட வந்தா புள்ளய ஒருதபா என் மடியில போடச் சொல்லு."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் வாய் திறந்து பேச எனக்கு அப்போது வராது. சோறு வேண்டும் என்றால்கூடத் தட்டை நகர்த்தி வைப்பேன். என் வீட்டுக்காரரிடம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போய்ச் சொன்னார்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"கைப்புள்ளய தூக்கிகினு கடலுக்கா? வண்டி ரோட்டோட நின்னுபூடும். மாடு மணல்ல எறங்காது. அங்க ஒரு மரம் கீதா? நெழலுக்கு இன்னா பண்ணுவா?"

அவர் கேட்டதில் வம்பு ஒன்றும் இல்லை. அவருடைய முதல் பிள்ளை ஒரு சித்திரை மாதத்தில் வயலிலிருந்து வந்து ஜுரத்தில் படுத்து, அப்படியே போய்விட்டதாம். அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மாமனார்தான் ஒருநாள் சொன்னார்.

"நெழலு கொண்டாந்து காட்டு, கூட்டிகினு போறேன்," என்றார் மாமியார்.

மாமனார் கூடத்து ஆணியில் மாட்டியிருந்த தன் கருப்புத் துணிக்குடையை எடுத்து வந்து விரித்தார்.

"இத எடுத்துகினு போவட்டுமே."

மாமியார் குடைக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். "ரெண்டு ஓட்ட கீது. ஒண்ணுல சூரியன் பாப்பான், இன்னொண்ணுல சந்திரன் பாப்பான்."

"தாலுக்கா கச்சேரிக்கு நான் இதத்தான புடிச்சிகினு போறேன்."

"உன் தலைக்கு இது போதும். பேத்திக்கு ஆவாது."

எனக்கும் அந்தக் குடை வேண்டாம் என்றுதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது துணிக்குடை பிடிக்கிற பெண் என்றால் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருத்திதான். நான் அதைப் பிடித்துக்கொண்டு நாலு ஊர் ஜனத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் அண்ணனூரில் ஆடு மேய்க்கும் சிநேகிதரிடமிருந்து ஒரு பனையோலைக் குடை வாங்கி வந்தார். வண்டிச் சக்கரம் போல அகலமாக இருந்தது. நிழலும் கெட்டியாக விழுந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் மாமியார் அதைக் குழந்தைக்கு மேலே பிடித்ததும் ஓலை சலசலவென்றது. குழந்தை வீறிட்டு அழுதது. எடுத்தால் அழுகை நிற்கும், பிடித்தால் மறுபடியும் அழும்.

"அது ஆட்டுக்கு வாங்கின கொடைடா. உம்பொண்ணு ஆடா?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கடைசியில் மாமியாரே ஒரு வழி சொன்னார். நடவுக்குப் போகும்போது வரப்பில் நாலு மூங்கில் கழி நட்டு, மேலே கோணியைக் கட்டி, கைப்பிள்ளைகளை அதன் கீழே கிடத்துவது எங்கள் வழக்கம். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கோணிக்குக் கீழே வளர்ந்தவர்கள்தான். என் வீட்டுக்காரர் கழிகளைச் சீவிக் கூராக்கினார். மாமியார் பழைய கோணி இரண்டைப் பிரித்துத் தைத்தார். கொல்லையில் நட்டுப் பார்த்தோம். எங்கள் ஊர் களிமண் ஒன்றைப் பிடித்தால் விடாது. மாமியார் ஒவ்வொரு கழியையும் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. குழந்தையைக் கீழே போட்டு, நிழல் நகர நகரப் பாயை இழுத்து, அரை நாள் அப்படியே பார்த்தார்.

"வரச் சொல்லு," என்றார் என் வீட்டுக்காரரிடம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மகத்தன்று விடியும் முன்பே வண்டி கட்டினோம். வில்லிவாக்கம் தாண்டும்போது வெளுத்தது. கடலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் முழுவதும் கூட்டத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊரும் தன் சாமியோடு தனித்தனியாக இறங்கியிருந்தது. ஒரே மேளச் சத்தம். எங்கள் வீட்டு ஆண்கள் சாமியோடு தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். மாமியார் ஓடிப் போய் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வந்தார். புடவை மாற்றாமலே கழிகளைப் பிரித்தார்.

கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். கழி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

"பாத்தியா, நம்ம மண்ண வுட இது நல்ல மண்ணு. ஒரே தட்டுல எறங்குது," என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

கோணியைக் கட்டி முடித்துக் குழந்தையைக் கீழே விட்டேன். கடல் பக்கமிருந்து காற்று ஒரு முறை எழும்பியது. நாலு கழியும் ஒன்றாகக் கிளம்பிக் கோணியோடு போய்விட்டன. ஒரு கழி என் தோளில் இடித்தது. குழந்தை முகம் முழுக்க மணல். நான் அள்ளி எடுத்துத் துடைத்தேன். மாமியார் ஓடிப் போய்க் கோணியைப் பிடித்து வந்து மறுபடியும் நட்டார். இன்னும் ஆழமாக அடித்தார். மணலைக் காலால் மிதித்து இறுக்கினார். அதுவும் நிற்கவில்லை. குழந்தையின் நெற்றி சிவந்துபோயிருந்தது.

"எழுந்திரு, வண்டிக்குப் போவலாம்," என்றார்.

வண்டிக்குப் போனால் அம்மா எங்களை எங்கே கண்டுபிடிப்பாள்? நான் எழுந்திருக்கவில்லை. எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை. குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். மூட்டையை அவிழ்த்து, தான் மாற்றிக்கொள்ள வைத்திருந்த காய்ந்த புடவையை உதறினார்.

"ஒரு முனைய நீ புடி."

ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் முனை. காற்று அதைப் பிடுங்கியது. புடவை என் தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போது என் கைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டது. வளையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மா.

நடுவில் நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் மாமியாரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, கையைத் தூக்கி, ஒருவரை ஒருவர் பாராமல் நின்றார்கள். நிழல் அசையாமல் விழுந்தது. குழந்தை தூங்கிப் போனது.

கொஞ்ச நேரம் போனதும் அம்மா பக்கம் நிழல் தாழ்ந்தது. வெயில் குழந்தையின் காலில் பட்டது.

மாமியார் குழந்தையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தாம்மே, உங்க திருநின்றவூர் ஆயாகிட்ட சொல்லு. ஒசத்திப் புடிக்கச் சொல்லு."

அம்மாவும் குழந்தையிடமே சொன்னாள்: "இந்த ஆயாகிட்ட நீ சொல்லு கண்ணு. உன் மூஞ்சியப் பாத்துகினே இருந்தனா, கை எறங்கிப்பூட்ச்சு."

"புள்ள மூஞ்சி எங்க ஓடிப்பூடுது? துணிதான் காத்துல ஓடுது."

"மூணு மாசமா பாக்கலியே, அதச் சொல்லு."

மேளம் நின்றிருந்தது. அம்மா கேட்டது பிள்ளையை மடியில் போடச் சொல்லி. அவள் வந்து துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுந்து, அத்தை, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. அப்படிச் சொல்லாமல் மாமியார் முகத்தைப் பார்த்தேன். தலையிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சம்மந்தி," என்றார் மாமியார். "குந்து. புள்ளய வாங்கிக்கோ."

அம்மா அசையாமல் நின்றாள். தன்னைத்தான் கூப்பிட்டாரா என்று அவளுக்குச் சந்தேகம் போலிருக்கிறது.

"நீ எழுந்து வந்து முனைய வாங்குடி. குந்திகினே கீறியே," என்றார் என்னிடம்.

அம்மா உட்கார்ந்தாள். குழந்தையை அவள் மடிக்கு மாற்றிவிட்டு நான் முனைகளை வாங்கிக்கொண்டேன். அம்மா குனிந்தவள் நிமிரவே இல்லை. காது மடலை நீவினாள், கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கட்டியிருந்த புடவை உடம்பிலேயே காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

தீர்த்தவாரி முடிந்து சாமி கிளம்பிவிட்டது. என் வீட்டுக்காரர் மணலில் ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டார்.

"வண்டி பூட்டலாமாம்மா? அப்பா கேக்கறாரு," என்றார்.

"புள்ள இப்பதான் கண்ண மூடிச்சு. எழுப்பினா அழும். கொஞ்சம் பொறுத்துதான் வருவோம்னு சொல்லு," என்றார் மாமியார்.

குழந்தை விழித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அம்மாவின் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, தலைக்கு மேலே அசையும் புடவைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.