இருபதாவது செடி

முத்துவடிவு செய்தித்தாளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கரிப்பெட்டியை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்க்க, தாளிலிருந்து ஆவி பறந்தது. 1979 ஜூலை. குற்றாலத்தில் பன்னிரண்டு நாளாகச் சாரல் விடவில்லை. விடுதிக் கொடியில் பாவாடையே காயாதபோது, செடியைப் பாடம் பண்ணும் தாள் எங்கே காயும்?

"ஏட்டி, இஸ்திரி போட்டாத்தான் பேப்பர்ல உள்ளது ஒனக்கு மண்டையில ஏறுமாக்கும்?" என்றாள் அறைத்தோழி நூருன்னிசா. அவள் வரலாறு படிப்பவள், செடி தேடி அலைய வேண்டாம்; பேசுவாள்.

முத்துவடிவின் தாவரவியல் இறுதியாண்டுக்கு, உலர்த்தி ஒட்டிய செடி இருபது வேண்டும். அன்று மாலை நான்கு மணிக்குள் எல்லாவற்றையும் காட்டி, பேராசிரியை பிருஹதாம்பாளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது. இலத்தூரில் அப்பாவோ படிப்பை நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். பத்தொன்பது தயார். இருபதாவது, வல்லாரை. காலையில் வாய்க்காலில் வேரோடு ஒரு கைப்பிடி பிடுங்கி, கழுவி, நீர் வடியச் சமையற்கட்டு ஜன்னலில் தட்டில் வைத்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் தட்டு காலி.

"மூக்கம்மாக்கா, இங்கன இருந்த வல்லாரை எங்க?"

"அதுவா? டீச்சர்மாருக்குத் துவையல் அரைச்சுட்டேன்." சமையல்கார மூக்கம்மாள் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வேரோட வச்சிருக்காளே, புள்ளைக்குக் கீரை ஆயத் தெரியலையேன்னு வஞ்சுக்கிட்டேதான் ஆஞ்சேன்."

"அது பரீட்சைக்குள்ள செடிக்கா!"

"திங்குத கீரையவா பரீட்சைக்கு வைக்கீங்க?"

வகுப்பு நேரத்தில் காவலாளி வெளியே விடமாட்டார். "வாசல்ல கெடக்க இலை ஒண்ண ஒட்டி, வாயில நுழையாத பேரா எழுது" என்று யோசனை சொன்னாள் நூருன்னிசா. முத்துவடிவுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அது தனக்குச் சரிப்படாது என்று சின்ன வயதிலேயே விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்குப் பத்தொன்பதை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். பிருஹதாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தியானத் துவையலா?"

"ஆமா மிஸ்."

"நான் ரெண்டு தரம் போட்டுண்டேனே!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு கேட்டார்: "அதுல பூ இருந்ததா?"

"இல்ல மிஸ்."

"பூவில்லாம கொண்டு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். துவையலானதே மேல். நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள பூவோட கொண்டு வா. உலர்த்தலேன்னாலும் பரவாயில்லை."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூக்கம்மாள் குடையோடு வாசலில் நின்றாள். இரண்டு பேரும் வாய்க்கால் ஓரம் குனிந்து, இலை இலையாய்த் தூக்கிப் பார்த்து, மிளகளவு சிவப்புப் பூவைத் தேடினார்கள். ஏழு மணிக்குக் கிடைத்தது. எட்டே முக்காலுக்குக் கையெழுத்து விழுந்தது. மூக்கம்மாள் மடி நிறையப் பறித்து வந்த வல்லாரை, அன்று விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் துவையலாயிற்று.