மார்வாவிடம் கேட்காத பிரேக்

மார்வா ஹிண்ட்ஸுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, கையில்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் வெள்ளரிக்காய் நறுக்கிய வேகத்தைப் பார்த்திருந்தால் ஒருத்தனும் இரண்டாவது தட்டு கேட்டிருக்க மாட்டான். எங்கே பார்த்தார்கள்? ஊறவைத்த பன்றிக்கறியையும் சர்க்கரைவள்ளிப் புட்டிங்கையும் மடியில் வைத்துக்கொண்டு நாலு ஆம்பிளைகள் வராந்தாவில் கார் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்படோஸில் சனிக்கிழமை எல்லா வீட்டிலும் அதுதான் சாப்பாடு. ஆனால் இந்தக் கார் பேச்சு அவள் தலையெழுத்து.

கார் அவள் புருஷன் எல்ரிக்குடையது. வெள்ளை டர்போ. வார நாளில் மகள் கெசியாவைப் பள்ளிக்கூடத்தில் விடும், ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் பறக்கும். போன ஞாயிறு நாலாவது சுற்றில் பெடல் தரை வரைக்கும் இறங்கி, கார் புல்லுக்குள் போய் நின்றது. முன் பிரேக்கை மாற்றியே ஆகவேண்டும், எதைப் போடுவது என்பதுதான் வராந்தாவில் வழக்கு.

இருபத்திரண்டு வருஷமாக பஸ் டெப்போவில் பிரேக் வேலை பார்க்கிறவள் மார்வா. தீவின் பாதி ஜனம் அவள் முடுக்கிய போல்ட்டை நம்பித்தான் மலை இறங்குகிறது. அவளிடம் அந்த நாலு பேரும் கேட்டது ஒன்றே ஒன்று, மிளகாய் சாஸ் இன்னும் இருக்கிறதா என்று.

சாஸ் பாட்டிலைக் கொண்டுபோய் 'டக்'கென்று வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னாள். "பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. போன வருஷம் திறந்த டப்பாவத்தானே ஊத்துன? நம்ம ஊரு ஈரக் காத்துல அது பாதி தண்ணி. புது ஆயில் ஊத்து. ரோட்டுக்கும் தடத்துக்கும் ரெண்டுக்கும் தாங்குற பிரேக் பேடு போடு. டிஸ்க்குக்குக் காத்து போக ஒரு குழாய் விடு. போதும்."

உதிரிபாகக் கடை கோர்பின் வாயில் கறியோடு சிரித்தான். "அம்மணி, பஸ்ஸு ஸ்டாப்புல நிக்கிற வண்டி. இது ரேஸ் வண்டி."

"ரெண்டும் நிக்கத்தானே வேணும்?"

"விடு மார்வா," என்றான் எல்ரிக். "கோர்பின் சும்மா தர்றான். ஆறு பிஸ்டன் காலிப்பரு, பெரிய டிஸ்க்கு, ரேஸ் பேடு, மொத்த செட்டு. அவன் கடை பேர கதவுல ஒட்டிக்கிட்டாப் போதும்."

அங்கேதான் எல்லாம் முடிந்தது. கதவில் கடைப்பெயர் ஒட்டாத கார் அந்தத் தடத்தில் காரே இல்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சிவப்புக் காலிப்பரைக் கையில் வாங்கியபோது எல்ரிக் முகத்தில் இருந்த பூரிப்பு, கெசியா பிறந்தபோதுகூட இல்லை என்று மார்வா மனசுக்குள் வெந்தாள்.

ஞாயிறு காலை கோர்பினே மாட்டிவிட்டான். சாயங்காலம் எல்ரிக் தரையில் கால் பாவாமல் வந்தான். வண்டி நிறுத்தின இடத்தில் நின்றதாம், கடைசிச் சுற்று வரைக்கும் பெடல் இறங்கவே இல்லையாம். உண்மைதான். மார்வா பேடு வந்த காலிப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். அதில் அச்சடித்திருந்த ரக நம்பரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சுத்தமான பந்தய ரகம். சுற்று மேல் சுற்று ஓடிச் சூடேறினால் கவ்விப் பிடிக்கும். ஆறிக் கிடந்தால் வழுக்கும், அதுவும் மழை ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

சொல்ல வாயெடுத்தாள். எல்ரிக் போனில் கோர்பினோடு சிரித்துக்கொண்டிருந்தான். "பஸ்காரிக்கு இதெல்லாம் எங்கடா புரியும்?"

மார்வா வாயை மூடிக்கொண்டாள். பட்டுத் தெரியட்டும், எனக்கென்ன வந்தது என்று பெட்டியைக் குப்பையில் போட்டாள். போடும்போது, சத்தியமாக, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை விடியும் முன்னே டெப்போவுக்குப் போய்விட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழரை மணிவாக்கில் ஒரு சக்கரத்தைக் கழற்றியபடி, எல்ரிக் பெடலை மிதித்து மிதித்து முழிக்கப்போகும் முழியை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அந்த நினைப்பில் எல்ரிக்குக்குப் பக்கத்து சீட்டும் தெரிந்தது. புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு கெசியா. பதினோரு வயசு.

ஸ்பானரைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி பிரேக்கைப் பற்றித்தான் பேசுவாள் என்று வேண்டுமென்றே எடுக்க மாட்டான்.

"பாஸ்கம், எங்கயும் நிறுத்தாத. ஹார்ஸ் ஹில்லுக்கு விடு," என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே, புறப்படத் தயாராக இருந்த பஸ்ஸில் ஏறினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்த இறக்கம்தான் செங்குத்து.

இறக்கத்தின் அடியில் கார் வாழைத்தோட்டத்துக்குள் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். கெசியாவுக்கு உதடு கிழிந்து, சட்டைக் காலரில் ரத்தம். மார்வா ஓடிப்போய் அவள் தலை, கை, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை.

எல்ரிக் காரைக் கைகாட்டினான். "கல்லு மாதிரி இருந்துச்சு பெடலு. ஏறி நின்னு மிதிக்கிறேன், வண்டி கேக்கவே மாட்டேங்குது. எதிர்ல வேன் வந்துச்சு, திருப்பிட்டேன். கோர்பின் பய டூப்ளிகேட்டத் தலைல கட்டிட்டான். அவன உயிரோட விடமாட்டேன்."

"டூப்ளிகேட் இல்ல. அசல் சாமான்தான். சூடேறுனாத்தான் பிடிக்கும், காலைல பிடிக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து பெட்டியப் பாத்தேன்."

கெசியா உதட்டில் அழுத்தியிருந்த கைக்குட்டையை எடுத்தாள்.

"நேத்தே தெரியுமாம்மா?"

பஸ்காரி என்றவனுக்கும், சாஸ் கேட்டவர்களுக்கும் கொடுப்பதற்கென்று மார்வா இரண்டு நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவு ஒவ்வொன்றும் நியாயமானது. ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு ஆகவில்லை.

"தெரியும்," என்றாள்.

கெசியா அவள் கையை விலக்கிவிட்டு, அப்பா பக்கம் போய் நின்றுகொண்டாள்.