புற்றுமண்ணில் கரைத்த மாத்திரை

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. முதலில் வெல்லம் கருகும் வாசனை வரும். அடுப்பில் வெல்லம் இருக்காது. பல நாள் அடுப்பே எரியாது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, ஆடித்தபசுத் திருவிழா ராட்டினம் மேலே போகிறபோது ஏறுமே, அதுபோல நெஞ்சுவரைக்கும் ஏறும். உடனே கண்ணில் படுவதெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்ததாகத் தெரியும். சுவரில் நிற்கும் கோழி, அது தலையைச் சாய்க்கிற விதம், தெருக்கோடித் தறிக்கூடத்துச் சத்தம், "தண்ணி மொண்டியாட்டி" என்று அம்மா கேட்கிற குரல், எல்லாமே இதே வரிசையில் முன்பு நடந்தவை. இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று உடம்பு சிலிர்க்கும். அடுத்தது என்ன என்று சொல்ல வாயைத் திறப்பேன். அத்தோடு சரி. அந்த ரகசியம் என் பல்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும்.

பிறகு பார்த்தால் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நடுவில் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்குமாம். வாய் வெறும்வாயை மெல்லுமாம். விரல்கள் பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்குமாம்.

"ரெண்டு நிமிசம் நீ இங்கன இல்லட்டி" என்பாள்.

நான் நம்பவில்லை. மூக்கு ஒழுகுவதுபோல இதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கும் நம்பிக்கை இல்லை. வாயில் என்ன, துப்பு துப்பு என்று சொல்லியே அவர் களைத்துப்போனார். ஒருநாள் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது நான் எழுந்து போய், மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டின் ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றேனாம். படிப்பை அவ்வளவு சீக்கிரம் ஜீரணித்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றுவரைக்கும் நான் ஒருத்திதான் இருப்பேன். அப்பாவைக் கூப்பிட்டு, சரியான பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் பை ஆணியில் ஏறியது. கிணற்றடிக்குப் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, அப்பா வேலை செய்கிற தறிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. நோய் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் நான் வீட்டுக்குள்ளேயே கிடக்கவேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து கோமதியம்மன் கோயில் புற்றுமண். நெற்றியில் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். அம்மா எனக்கும் போட்டாள். சில மாதம் பார்த்துவிட்டு அப்பா, திருநெல்வேலியில் மண்டை சம்பந்தமான டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரையும் பார்ப்போம் என்றார். அம்மா தடுக்கவில்லை. அவரையும் என்றுதானே அப்பா சொன்னார்.

அந்த டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அது வர்றதுக்கு முன்னாடி ஏதாவது வாசனை வருமா?"

வெல்லம் கருகும் என்றேன். அதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"பாக்கிறதெல்லாம் ஏற்கெனவே நடந்த மாதிரி இருக்குமா?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுசர் எப்போது என் தலைக்குள் வந்து போனார்? அவர் ஒரு தாளில் தலை வரைந்து, காதுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். இந்த இடத்தில் கரன்ட் சில நேரம் தாறுமாறாக ஓடுகிறது என்றார். அதன்பின் கரன்ட் போகிற நாட்களில் மட்டும் நான் தைரியமாக இருந்தேன்.

மாத்திரை உண்டு, ஆனால் எந்த மாத்திரை, எத்தனை என்று கண்டுபிடிக்க நாளாகும் என்றும் சொன்னார். முதல் மாத்திரை என்னைத் தூங்கவைத்தது. ரசஞ்சோற்றில் மூக்கை வைத்துத் தூங்கினேன். இரண்டாவதில் ஈறு வீங்கியது. சிரித்தால் பல்லைத் தேடவேண்டியிருந்தது. மூன்றாவது மாத்திரைதான் இவளுக்குச் சரிப்படும் என்று டாக்டர் நம்பினார். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். வெல்லம் கருகிக்கொண்டேதான் இருந்தது.

"ஒழுங்கா குடுக்கீங்களாம்மா?"

"ஒரு வேள தப்பல டாக்டரய்யா."

அது சத்தியம். அம்மா ஒரு வேளைகூடத் தப்பவிட்டதில்லை. முதல் இரண்டு மாத்திரையும் சரிப்படாததால், மூன்றாவதை அம்மன் துணையோடு கொடுக்க ஆரம்பித்திருந்தாள். நுணுக்கி, கிண்ணத்தில் ஒரு கரண்டி புற்றுமண்ணோடு சேர்த்து, தண்ணீர் விட்டு, கூழ் பதத்துக்கு விரலால் கலக்கி என் வாயில் ஊட்டுவாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டக் கூட்ட, அம்மன் பங்கு குறைந்துபோகக் கூடாதே என்று மண்ணையும் கூட்டினாள். மூடி மறைக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. சோற்றில் உப்புப் போட்டதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

அப்படி எட்டு மாதம் போயிற்று. அப்புறம் சித்தியின் பிரசவத்துக்காக அம்மா பனவடலிசத்திரம் போனாள். மாத்திரைப் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அவருக்கு நுணுக்கவெல்லாம் நேரமில்லை. நாக்கில் மாத்திரையை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டு வேலைக்கு ஓடுவார்.

நாலாம் நாள் காலையில் சுவரில் இரண்டு கோழிகள் நின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தன. வாசலுக்கு வந்தால் தெரு இரண்டாகக் கிடந்தது. எதில் இறங்குவது என்று தெரியாமல் நடுவில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டுத் தறிக்கூடத்து வாசலில் போய்க் கத்தினாள்.

"ஏ அண்ணாச்சி, பொம்பளப் புள்ள சாராயக்கடையில இருந்து வாரவன் கணக்கா ஆடிக்கிட்டு வருது. என்னத்தக் குடுத்தீரு?"

அப்பா தறியை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரு கை என் நெற்றியிலேயே இருந்தது.

"வீட்டுல என்ன மாறுச்சு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் மாறலய்யா. இவ அம்ம ஊருக்குப் போயிருக்கா. நாந்தான் குடுக்கேன், அதே மாத்திரதான்."

"மண்ணு இல்ல" என்றேன் நான்.

டாக்டரின் பேனா நின்றது. என்ன மண் என்று கேட்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நுணுக்கி, கலக்கி, ஊட்டிக் காட்டினேன். நடிப்பில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை. அவர் எனக்கு எழுதிய பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனை மாசமா நான் மண்ணுக்குல்லா வைத்தியம் பாத்திருக்கேன்" என்றார். "மருந்தை மண்ணு பிடிச்சு வச்சிருக்கு. நான் ஏத்த, அது பிடிக்க. இப்ப மண்ணு இல்ல, மொத்தமும் புள்ள மேல எறங்கிட்டு."

மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். வெறும் தண்ணீரோடுதான் கொடுக்கவேண்டும் என்றார். நாங்கள் எழுந்தபோது அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வீட்டுல சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. மண்ணை நெத்தியில பூசட்டும். அது போதும்." அப்போது எனக்கு இரண்டு டாக்டர்கள் தெரிந்தார்கள். இருவருமே சிரித்தார்கள். யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் பொதுவாக ஆட்டிவைத்தேன்.

அம்மா ஊரிலிருந்து வந்ததும் அப்பா சத்தம் போடாமல்தான் சொன்னார். அவள் கையில் இருந்த துணிப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ இந்த எட்டு மாசமும்..." என்றாள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், வெல்ல வாசனை வந்தது. வயிற்றிலிருந்து ராட்டினம் கிளம்பியது. பாதி ஏறி, அப்படியே இறங்கிவிட்டது. நான் எங்கும் போகவில்லை; நின்ற இடத்திலேயே நின்றேன். இத்தனை காலம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்த அடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோழி தலையைச் சாய்த்தது. பிறகு சுவரிலிருந்து குதித்துக் குப்பையைக் கிளறப் போய்விட்டது. அவ்வளவுதான். மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு மாத்திரை என் தலைக்குள் போய், காதோரத்துப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டதே என்று வாயைப் பிளந்து நின்றேன். அம்மா ஓடிவந்து தோளை உலுக்கினாள். "இங்கனதாம்மா இருக்கேன்" என்றேன். அப்புறம் அது வரவில்லை.

பை ஆணியிலிருந்து இறங்கியது. சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் நான் படிக்காமல் போனதற்கு நோய் காரணம் இல்லை. அந்தப் பெருமை முழுக்க என்னையே சேரும்.

ஆனால் தெருவில் எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. சாயங்காலம் பெண்கள் கூடினால் என்னைச் சொல்லச் சொல்வார்கள். அம்மா மண் குழைப்பது, டாக்டர் ஏற்றுவது, அம்மா மண்ணைக் கூட்டுவது, நான் ஆடுவது என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். விரலால் கலக்குகிற இடம் வரும்போது மட்டும், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று செம்போடு உள்ளே போவாள். காலையில் என் நெற்றியில் மண் பூசுகிற கை, அந்த மாத்திரையைத் தொடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது, அப்பாதான் கொடுத்துவந்தார். வெகுநேரம் கழித்து அம்மா வெறும் செம்போடு திரும்பி வருவாள்.

"எதுக்குப் போனன்னே மறந்துட்டியாம்மா?" என்று கேட்டு, அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கிவிடுவேன்.